கல்லைக் காணோம்

நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்று சொல்லிவைத்தவர் வீட்டில் ஸ்பீக்கர் இருந்திருக்காது. இருந்திருந்தால் நாயை இதற்குள் இழுத்திருக்கமாட்டார். போன வெள்ளிக்கிழமை காலை பல் தீட்டாத வாயோடு ஹோலுக்குள் வந்து பார்க்கிறேன். ஸ்பீக்கர் இருக்கிறது. கல்லைக் காணோம்.

வலப்பக்கத்து ஸ்பீக்கருக்கு நேர் கீழே இருந்த சீமெந்துக் கல். 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம், 6 அங்குலத் தடிப்பு, உள்ளே இரண்டு ஓட்டை. பக்கத்துக்கு மூன்றாக ஆறு கல் வாங்கினேன். காத்தான்குடிப் பக்கம் கல்லரியும் இடமொன்றில், தேங்காய் தட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன். "அத்திவாரம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார் அங்கே நின்றவர். "அத்திவாரமில்ல, பாட்டுக் கேக்க" என்றேன். அதற்குப் பிறகு மனிதர் என்னோடு பேசவில்லை. மிச்சக் காசை மட்டும் எண்ணித் தந்தார்.

அந்த ஆறில் ஒன்று இல்லை. வலப்பக்கம் இப்போது எட்டு அங்குலம் குள்ளம். போதாததற்குப் பெட்டியின் முகம் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது, வாத்தியார் தண்டித்த பிள்ளை மாதிரி. நிலத்தில் மணல் கோடு ஒன்று ஹோலில் தொடங்கி, விறாந்தையைத் தாண்டி, கிணற்றடியால் சுற்றிப் பின்வளவுக்குப் போகிறது.

இந்தக் கட்டுரையில், அதிகம் செலவில்லாமல் ஸ்பீக்கருக்கு நல்ல ஸ்ராண்ட் செய்வது எப்படி என்று படிப்படியாகச் சொல்லப்போகிறேன். அதற்கு முதல் இந்தக் கல் வழக்கை முடித்துக்கொள்வோம். நீங்கள் பொறுப்பீர்கள் என்று தெரியும். மேசைக் காலுக்குக் கடதாசி மடித்து வைத்த கை உங்களுடையது. அலுமாரிக் காலுக்குப் பலகைத் துண்டு செருகியதும் அதே கைதான். ஸ்பீக்கருக்குக் கீழே எதை வைத்தீர்கள் என்பதை மட்டும் வெளியில் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவேண்டாம்.

மனைவியிடம் கேட்டேன். "பாட்டுப் பாடுதுதானே" என்றாள். இருபத்து நாலு வருடமாக என் எல்லா ஓடியோ முறைப்பாட்டுக்கும் இதுதான் தீர்ப்பு. மேன்முறையீடு மாமியிடம். மாமி குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"ஓம் மகன், நான்தான் எடுத்தன். கச்சான் காத்துக்குக் கோழிக்கூட்டுத் தகரம் பறக்குது. உங்கட கல்லு சும்மாதானே கிடந்த?"

சும்மாதானே கிடந்த. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

ஆனால் வாயைத் திறக்க முடியாது. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெட்டியோடு வந்து ஏறுகிறவன். குடியும் தாய்வழி, வளவும் தாய்வழி. உறுதியில் மனைவியின் பெயர், குசினியில் மாமியின் ஆட்சி. இந்த வீட்டில் என் பெயரில் இருப்பது மின்சார பில்லும் இரண்டு ஸ்பீக்கரும். சுவரில் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்கவேண்டிய நான், கல் தூக்கியதற்கு யாரிடம் வழக்குப் போடுவது?

கல் எதற்கு என்று மாமிக்கு ஒருமுறை விளக்க முயன்றிருக்கிறேன். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது பெட்டி பின்னால் தள்ளுப்படுகிறது, நியூற்றன் சொன்னது. அந்த உதை பெட்டிக்குக் கீழே இருப்பதற்குள் இறங்குகிறது. கீழே மெல்லிய பலகை மேசை இருந்தால் அந்த மேசையும் பாடத் தொடங்கும். மேசைக்கு ராகம் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு சுரம். எந்தப் பாட்டைப் போட்டாலும் அந்தச் சுரத்தில் "ம்ம்ம்" என்று மத்தளம் தட்டும். கல் வாங்குவதற்கு முதல் என் இடப்பக்கப் பெட்டி தேக்கு மேசையிலும் வலப்பக்கப் பெட்டி பிளாஸ்ரிக் கதிரையிலும் இருந்தன. ஒரே பாட்டு இந்தக் காதில் வடமோடியாகவும் அந்தக் காதில் தென்மோடியாகவும் விழுந்தது. கூத்துக்கு அது அழகு. ஏறக்குறைய நாலரை நிமிட சினிமாப் பாட்டுக்கு இரண்டு அண்ணாவியார் கூடாது.

காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1947இல் யாழ் நூல் தந்தார். யாழும் வீணையும் உடம்பு அதிர்ந்தால்தான் ஒலிக்கும் சாதி. ஸ்பீக்கர் நேர்மாறு. கூம்பு மட்டும் ஆடவேண்டும், பெட்டி கோயில் தூண் மாதிரி நிற்கவேண்டும். இந்த வித்தியாசத்தைச் சொன்னபோது மாமி, "அப்ப கோயில் தூணுக்கு மேல வைங்களன்" என்றார்.

இதை விளங்கிக்கொள்ள மட்டக்களப்பானுக்கு இயற்பியல் புத்தகம் தேவையில்லை. நிலாக்காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மற்ற நுனியைக் காதில் வைத்தால் பாடும் மீன் கேட்கும் என்பது எங்கள் பரம்பரை ஞானம். எமர்சன் ரெனென்ற் என்ற பிரித்தானிய அதிகாரி 1848இல் இங்கே வந்து வாவியில் தோணி ஏறிக் கேட்டார். தோணிப் பலகையில் காதை வைத்தால் சத்தம் பெருகுகிறது என்று 1859இல் வெளிவந்த தன் இலங்கை நூலில் எழுதியும் வைத்தார். பாடுவது மீனா சிப்பியா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. மரம் சத்தத்தைக் கடத்தும் என்ற வழக்கு மட்டும் அன்றே முடிந்தது. என் மேசை செய்த வேலையும் அதுதான். நான் கேட்காத துடுப்பை என் காதில் வைத்தது. ஸ்பீக்கருக்குக் கீழே நாம் வைக்கும் கல், றப்பர், தும்பு எல்லாம் இந்தத் துடுப்பை முறிக்கும் முயற்சிதான்.

முறிக்க எனக்குக் கிடைத்தது மாமியின் குளியலறைச் செருப்பு. ஒரு சோடி, நீலம், வார் அறுந்தது. வளவு மூலையில் கிடந்ததை எடுத்து எட்டுத் துண்டாக வெட்டிப் பெட்டிக்கும் கல்லுக்கும் நடுவில் வைத்தேன். றப்பரிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பெட்டியின் பாரத்துக்கு றப்பர் 1 மில்லிமீற்றர் அமுங்கினால், இரண்டும் சேர்ந்து விநாடிக்கு ஏறக்குறைய 16 தடவை ஆடும் இயல்பைப் பெறும். 4 மில்லிமீற்றர் அமுங்கினால் 8 தடவை. அந்த எண்ணின் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேலே வரும் அதிர்வைத்தான் றப்பர் மறிக்கும். அதற்குக் கீழே அப்படியே கடத்திவிடும், ஓரிடத்தில் கூட்டியும் கொடுக்கும். ஆகவே கல்லுப் போன்ற றப்பரும் வீண், களி போன்ற பஞ்சும் வீண். பாரம் ஏறியதும் கொஞ்சம் அமுங்கி, இன்னும் அமுங்க இடம் வைத்திருப்பது வேண்டும். மாமியின் செருப்பில் குதிக்கால் பக்கம் வருடக்கணக்காக அமுங்கி முடிந்திருந்தது. நடுப்பாதப் பக்கம் அருமை. இதை அவரிடம் பாராட்டாகச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்து விட்டுவிட்டேன்.

இனி ஷோகேஸ்.

ஷோகேசைப் பற்றி ஒரு வரியில் சொல்லிவிட்டு ஸ்ராண்டுக்குப் போகலாம் என்றுதான் நினைத்தேன். முடியாது. சீதனத்தோடு வந்த தேக்குச் சாமான். நாலு தட்டு, இழுத்து மூடும் இரண்டு கண்ணாடி. பேஸ் வந்தவுடன் முதலில் பாடுவது இந்தக் கண்ணாடிதான். தவாளிப்புக்குள் நூலளவு இடைவெளி, அதற்குள் இருந்துகொண்டு "ஸ்ஸ்ர்ர்" என்று பின்பாட்டுப் பாடும். பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டித் தவாளிப்பில் செருகினேன். கண்ணாடி அடங்கியது. அடங்கிய பிறகுதான் உள்ளே இருந்தவர்களின் குரல் கேட்டது.

முதல் தட்டு, ரீ செற். ஆறு கோப்பை, ஆறு பீரிசு, பால் சாடி, சீனிச் சாடி, மூடியுள்ள கேத்தல். கலியாணத்துக்கு வந்தது. நல்ல ஆக்கள் வந்தால் எடுப்பதென்று வைத்தது. இருபத்து நாலு வருடமாக இந்த வீட்டுக்கு நல்ல ஆக்கள் ஒருவரும் வரவில்லை. என் அண்ணன் வந்தார், கண்ணாடித் தம்ளரில் தேத்தண்ணி. கிராம சேவகர் வந்தார், கண்ணாடித் தம்ளர். மகளைப் பெண் பார்க்க வந்தார்கள்; இப்போதாவது என்று நான் ஷோகேசைப் பார்த்தேன், மனைவி என்னைப் பார்த்தாள், புதிதாக வேறு கோப்பை வாங்கினோம். கை படாத அந்த ஆறு கோப்பையும் அந்தந்தப் பீரிசில் உட்கார்ந்து, தவில் சத்தம் வந்தால் பல் கிட்டுவதுபோல் கிடுகிடுக்கும்.

இரண்டாம் தட்டு, உலகப் படம். எங்கள் சொந்தக்காரர் எங்கெங்கே சிதறினார்கள் என்று அறிய வேறு ஆவணம் தேவையில்லை. லண்டன் சிவப்பு பஸ். ரொறன்ரோக் கோபுரம். சுவிசிலிருந்து மாட்டு மணி. இவ்வளவு பசு உள்ள நாட்டில் எங்களுக்கு மணி வந்தது சுவிசிலிருந்து. ஈபிள் கோபுரம் நாலு. பாரிசில் நாலு பிள்ளைகள், ஒருவர் வாங்கியதை மற்றவருக்குச் சொல்லும் பழக்கம் இல்லை. நாலும் நாலு உயரம், நாலு சுரம். சின்னது கீச்சென்னும், பெரியது உறுமும். நாதசுரக் கச்சேரி போட்டால் இவையும் ஒத்து ஊதும்.

மூன்றாம் தட்டில் மகளின் வெற்றிக் கிண்ணங்கள், மூடியோடு. பக்கத்தில் படுத்தால் கண் மூடும் பொம்மை. அது பேஸ் வந்தால் படுக்காமலே கண்ணை மூடித் திறக்கும். இந்த வீட்டில் என் பாட்டை ரசித்துக் கேட்கும் உயிர் அது ஒன்றுதான்.

யார் எந்தச் சுரத்தில் கிடுகிடுக்கிறார்கள் என்று ஒரு பகல் முழுதும் இருந்து பிடித்தேன். போனை ஸ்பீக்கரோடு இணைத்து ஒரு சத்தத்தை 20 ஹேர்ட்சிலிருந்து 200 வரைக்கும் மெல்ல ஏற்றவேண்டும். "ஊஊ" என்று அது ஏறும்போது ஒவ்வொரு சாமானாகக் கை வைத்துக்கொண்டு போகவேண்டும். கிடுகிடுப்பு எங்கே நிற்கிறதோ அங்கே கள்ளன். நான் இப்படி நின்றபோது குசினி வாசலில் பேச்சுக் கேட்டது.

"என்ன கா, உன்ர புருசன் கோப்பைக்கெல்லாம் நாடி பாக்காரு?"

"விடுங்கம்மா. இந்த மாசம் பீங்கான். போன மாசம் சிவருக்குக் காது வச்சிக்கிட்டு நிண்டாரு."

காது வைத்தது உண்மை. மூலையில் வைத்த ஸ்பீக்கருக்கு இரண்டு சுவரும் நிலமும் சேர்ந்து பேஸைப் பெருக்கும். குடத்துக்குள் பேசுகிற மாதிரி இருக்கும். சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தால் தெளிவு. வெண்கட்டியால் நிலத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மனைவி கூட்டும்போது பெட்டியை மூலைக்குத் தள்ளுவாள், கோட்டையும் சேர்த்துக் கூட்டுவாள். நான் திரும்ப இழுப்பேன். பொருத்தம் பார்த்த சாத்திரியார் இதைப் பார்க்கவில்லை.

நாலாம் தட்டை மறந்துவிட்டேன். அங்கே ஒரு ஒட்டகம். மைத்துனர் ஒருவர் கட்டாரிலிருந்து கொண்டுவந்தது, தோல் போர்த்திய பொம்மை. 20 ஹேர்ட்சில் கை வைத்தேன், அமைதி. 60, அமைதி. 200, அமைதி. இரண்டாம் தட்டில் ஈபிள் கோபுரம் நாலும் கூத்தாடும்போது இது மட்டும் பாலைவனத்தில் நிற்பதுபோல் நின்றது. தூக்கிப் பார்த்தேன், பாரம். வயிற்றுத் தையலில் விரல் விட்டேன். மணல்! மணல்மணி ஒன்றோடொன்று உரசி அதிர்வைச் சூடாக்கித் தின்றுவிடுகிறது. ஒரு சாமானை ஊமையாக்க இதைவிட மலிவான வழி இல்லை. எனக்குக் குருவாக வாய்த்தது கட்டார் ஒட்டகம்.

அன்று பின்னேரமே உரப்பையோடு கடற்கரைக்குப் போனேன். கிழக்கே கடல், மேற்கே வாவி. எங்கள் ஆரையம்பதியில் தட்டுப்பாடு வராத ஒரே சாமான் மணல். உப்புப் போக அலசி, மூன்று நாள் வெயிலில் காயவிட்டு, அரித்து, கல்லின் ஓட்டைகளுக்குள் நிரப்பினேன். அரித்தும் தப்பிய ஒரு குட்டி நண்டு ஹோலுக்குள் நடந்தது. அன்றிரவு நான் விறாந்தையில் படுத்தேன்.

ஆனால் சத்தம்! மேசை இல்லை, துடுப்பு இல்லை, வடமோடி தென்மோடி சமாதானம். மூன்று கல்லின் உயரம் 24 அங்குலம். அதற்கு மேல் பெட்டியில் சின்னக் கூம்பு எட்டு ஒன்பது அங்குலத்தில். சாய்மனைக் கதிரையில் கிடந்தால் என் காது நேர் அந்த உயரம். சின்னக் கூம்பின் சத்தம் ரோச் வெளிச்சம் மாதிரி நேரே போவது. காதுக்கு நேரே வைத்தால்தான் பாடகியின் மூச்சு கேட்கும். கேட்டது. நாற்பது வருடப் பழைய பெட்டி, சவூதியிலிருந்து வந்த செற்றின் மிச்சம். அதிலிருந்து ஒருத்தி மூச்செடுத்ததை முதன்முறையாகக் கேட்டேன்.

மனைவியைக் கூப்பிட்டேன். "இஞ்ச இருந்து கேளு. வித்தியாசம் தெரியுதா?"

கேட்டாள். தலையைச் சாய்த்து நல்லாகத்தான் கேட்டாள். "பாட்டுப் பாடுதுதானே" என்றாள்.

ரொறன்ரோ மச்சானுக்குப் படம் அனுப்பினேன். அவன் பதிலுக்கு நாலு றப்பர்க் காலின் படம் அனுப்பினான். ஸ்பீக்கருக்கென்றே செய்தது, பெட்டியில் வருவது, வெல்வெற் பையில் போட்டது. விலையை ரூபாயாக்கிப் பார்த்தேன். ஒரு நல்ல ஆட்டுக்கடா வாங்கலாம். "உன்ர செருப்பை எறிஞ்சிபோட்டு இத வாங்கு மச்சான்" என்றான். செருப்பு என்னுடையதல்ல என்று நான் திருத்தவில்லை.

சரி, மணல் கோட்டுக்கு வருவோம். வெள்ளிக்கிழமை அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு கோழிக்கூட்டுக்குப் போனேன். கல் தகரத்தின் மேல் இருந்தது. மணல் முழுதும் மாமியின் செவ்வரத்தை மரத்தடியில். கல்லைத் தூக்கக் குனிந்தவன் அப்படியே நின்றேன். கல்லுக்கும் தகரத்துக்கும் நடுவில் நீலமாக ஏதோ தெரிந்தது. நாலு மூலைக்கு நாலு துண்டு. நடுப்பாதத் துண்டுகள்.

"தகரத்தில கல்லு உராஞ்சா கறகறண்டு கத்தும் மகன், கோழி உறங்காது. அதுதான் வச்ச. செருப்பும் என்ரதானே."

கச்சான் அடித்தது. வாழை இலை கிழிந்தது. பக்கத்து வளவின் தகரம் படபடவென்று ஒரு தனியாவர்த்தனம் வாசித்தது. எங்கள் கூட்டுத் தகரத்திலிருந்து ஒரு சத்தம் இல்லை.

எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டியபோது மாமி கலியாணமாகிப் புதிது. தகரமும் ஓடும் கத்தி மாதிரிப் பறந்த இரவை நேரே கண்டவர். அதற்குப் பிறகு எந்தத் தகரம் அசைந்தாலும் அவர் கை கல்லைத் தேடும். பாரம் எவ்வளவு, றப்பர் எங்கே, எந்தத் துண்டு அமுங்கும், எல்லாம் ஒரு விடியற்காலையில் முடித்துவிட்டார். ஹேர்ட்ஸ் பார்க்கவில்லை, ஒட்டகத்தின் வயிற்றைக் கிழிக்கவில்லை. இந்த வீட்டில் அதிர்வைத் தடுக்க நடந்த வேலைகளில் எல்லோருக்கும் வித்தியாசம் தெரிந்தது அது ஒன்றுதான். மறுநாள் காலை மனைவியே சொன்னாள்: "ராவு நல்ல நித்திர. கூட்டுப் பக்கம் ஒரு சத்தமில்ல."

இருபத்து நாலு வருடத்தில் என் ஸ்பீக்கருக்கு இந்த விமர்சனம் கிடைத்ததில்லை.

ஸ்ராண்ட் செய்யும் முறையைப் படிப்படியாகச் சொல்வதாகச் சொன்னேன். இடம் முடிந்துவிட்டது. கல்லை நான் திருப்பி எடுக்கவில்லை, கச்சான் ஓயும்வரை எடுக்கவும் முடியாது. வலப்பக்கப் பெட்டி இப்போதும் எட்டு அங்குலம் குள்ளம். ஆகவே ஒரு விண்ணப்பம்: ஆரையம்பதிப் பக்கம் வந்தால், வரும்போது சீமெந்துக் கல் ஒன்று கொண்டுவாருங்கள். 16க்கு 8க்கு 6, ஓட்டையுள்ளது. பாட்டுக்கு என்று வாசலில் சொல்லவேண்டாம், கோழிக்கூட்டுக்கு என்று மட்டும் சொல்லவே வேண்டாம். கட்டாயம் தேத்தண்ணி உண்டு. கண்ணாடித் தம்ளரில்.